லம்பெர்ட் குச்சி தட்டினால்

உப்பு விளைகிற ஓர் ஊரில், கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கிடந்த ஒரு தெருவில், லம்பெர்ட் மிராண்டா என்று ஒருவன் வாழ்ந்தான். அவன் ஹார்ட் ராக் டிரம்மர். தூத்துக்குடியில் அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே அவன் அதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. கோயில் பாடற்குழுவில் தட்டிப் பழகி, கல்யாண வீடுகளில் கேக் வெட்டும்போது தட்டி, துறைமுகத்துக்கு வந்த ஒரு கிரேக்கக் கப்பலின் சமையல்காரர் விற்றுவிட்டுப் போன டிரம் செட்டை வீட்டு மாடிக்கு ஏற்றி, அக்கம்பக்கத்தார் கல்லெறிந்த பகல்களிலும் எறியாத பகல்களிலும் தட்டி, கடைசியில் பக்கத்துத் தெரு கஸ்பாரோடு சேர்ந்து ‘பிளாக் ஆங்கர்’ என்று ஒரு பாண்டு தொடங்கினான்.

கஸ்பார் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். உப்பளத்து வெயிலைப் பற்றியும், முத்துக்குளிக்கப் போய் மூச்சடங்கியவர்களைப் பற்றியும், ஓயாத துறைமுகக் கிரேன்களைப் பற்றியும் பாடுவான். ஆனால் எதைப் பற்றிப் பாடுகிறான் என்று யாருக்கும் காதில் விழாது, லம்பெர்ட்டின் கால்களுக்குக் கீழே இருந்த இரண்டு பேஸ் டிரம்களும் அப்படி முழங்கும். பெங்களூரில் பையன்கள் தலையைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார்கள், ஷில்லாங்கில் மழையில் நனைந்துகொண்டு கேட்டார்கள், ஒரு கேசட் வந்தது, பிறகு ஒரு சிடி வந்தது, லம்பெர்ட்டின் முடி இடுப்பைத் தொட்டது, டெல்பின் அவனைக் கட்டிக்கொண்டாள்.

டெல்பின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசமாட்டாள். ஏதாவது சொல்ல வந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடுவாள், ஏனென்றால் அவள் வாயெடுக்கும் நேரத்தில் அவன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான், அல்லது ஊரிலிருந்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருப்பான். “சரி, பொறவு சொல்லுதேன்” என்பாள். அந்தப் பொறவு வருவதற்குள் அடுத்த கச்சேரி வந்துவிடும்.

பாட்டு தொடங்கும் முன் டிரம்மர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றோடொன்று நான்கு தரம் தட்டுவான். அந்த நான்கு தட்டும் பாட்டில் சேர்த்தி இல்லை. ஆனால் அதைக் கேட்டால்தான் கிட்டாரும் குரலும் டிரம்மும் ஒரே நொடியில் பாட்டுக்குள் குதிக்க முடியும். ஓர் ஈஸ்டர் திங்கள்கிழமை மாலை, துறைமுகச் சாலை மைதானத்தில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் முதல் முறையாக மேடை போட்டு, லம்பெர்ட் அந்த நான்கு தட்டையும் தட்டினான். நான்காவது தட்டு விழுந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்தது. ஆட எழுந்தார்கள் என்று அவன் நினைத்தான். அவர்கள் திரும்பி நடந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த உப்புக் கம்பெனி மேனேஜர், வருடக்கணக்காகப் பேசாமலிருந்த அண்ணன் வீட்டை நோக்கி நடந்தார். அவர் மனைவி சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போனாள். ஒரு தையல்காரர் தன் சொந்தச் சட்டையின் கிழிசலைத் தைக்கப் போனார். ஒரு கல்லூரிப் பெண் பின்வரிசைக்குப் போய், அங்கே பூவோடு நின்றவனிடம் உன்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேரப் போனாள். மேடையிலிருந்த பேஸ் கிட்டார்காரன் கப்பல் வேலைக்கான பரீட்சைக்குப் படிக்க இறங்கினான். கீபோர்டு வாசித்தவன் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர இறங்கினான். யார் யார் எதை எதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தார்களோ, அவரவர் அதைத் தொடங்கப் போய்விட்டார்கள். கஸ்பார் மட்டும் நின்றான், ஏனென்றால் அவன் வாழ்க்கையில் எதையும் தள்ளிப்போட்டவன் இல்லை. கோபம் வந்தால் அடிப்பான், பிடித்தால் கட்டிக்கொள்வான், பசித்தால் பக்கத்து இலையிலும் கை வைப்பான். காலி நாற்காலிகளுக்கு முன்னால் இருவரும் அந்தப் பாட்டை முடித்தார்கள்.

மறுநாள் டீக்கடையில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

“லம்பெர்ட்டு தட்டுனதும் எந்திச்சுப் போயி எங்கண்ணன்கிட்ட பேசிட்டேன் வே” என்றார் மேனேஜர்.

“அவரு என்ன சொன்னாரு?”

“வாசல்ல நிக்காதலே நாயேன்னாரு. ஆனா பேசிட்டாருல்லா.”

பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் அடுத்த கச்சேரி. நான்கு தட்டு விழுந்ததும் பாதிப் பேர் வேலையை ராஜினாமா செய்யப் போனார்கள். மீதிப் பேர் சேரப் போனார்கள். கச்சேரியை ஏற்பாடு செய்தவரே மேடையேறி, தனக்கு இந்த இசை ஒருபோதும் பிடித்ததில்லை என்று மைக்கில் அறிவித்துவிட்டு, ஹோசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் போடக் கிளம்பினார். சென்னையிலும் அதேதான், கோவாவிலும் அதேதான். கூட்டம் இல்லாமல் தோற்ற பாண்டுகள் உண்டு. கூட்டம் நிரம்பி வழிந்து, பாட்டு தொடங்கும் முன்பே காலியாகித் தோற்ற பாண்டு பிளாக் ஆங்கர் ஒன்றுதான்.

“மாப்ள, இனி நான் வாயால எண்ணுதேன்” என்றான் கஸ்பார். “நீ குச்சியக் கீழயே வச்சுக்கோ.”

கஸ்பார் எண்ணினால் ஒன்றிலிருந்து நாலு வருவதற்குள் அவனுக்கே பொறுமை போய்விடும். இருவரும் இரண்டு இடத்தில் தொடங்கி, இரண்டு இடத்தில் முடிப்பார்கள். எண்ணாமலே தொடங்கிப் பார்த்தார்கள். அப்போதும், ஸ்டூலில் உட்கார்ந்த மறுகணம் லம்பெர்ட்டின் கைகள் அவனைக் கேட்காமலே மேலே போய் நான்கு தட்டு தட்டிவிட்டுத்தான் இறங்கின. தன் கைகளையே அவன் வெறித்துப் பார்த்தான். அவை சொன்ன பேச்சைக் கேட்கிற கைகளாக இல்லை.

இப்படி வெளியூர் வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட, ஊர் அவனை எடுத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வருவது போல, துறைமுகச் சங்கு ஊதுவது போல, லம்பெர்ட் தட்டுவதும் ஊரின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. காலையில் மைதானத்துக்கு வருவார்கள்: வீடு கட்டப் பள்ளம் தோண்டி அதில் மீன் வளர்த்துக்கொண்டிருந்தவர், குடியை விட நினைத்தவர், நிச்சயம் முடிந்தும் தேதி குறிக்காத மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துவந்த பெண்வீட்டார். பங்குச் சாமியார் இதை அற்புதம் என்று பிரசங்கத்தில் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்றும் சொல்லவில்லை. ஆட்கள் வந்து தங்கள் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தன நேரத்தை மட்டும், லம்பெர்ட் தட்டி முடிக்கிற நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டார். கிளம்ப மறுத்த ஒரு லாரியைக்கூட ஒருமுறை தள்ளிக்கொண்டு வந்தார்கள். லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் இறங்கி, விளாத்திகுளத்தில் இருந்த தன் அம்மாவைப் பார்க்க நடந்தே போய்விட்டார்.

தொடங்க விரும்பாதவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடையில் பஞ்சு வாசலிலேயே தொங்கியது. பஞ்சு வைத்தவரைத் தெருவில் பார்த்துவிட்டால் கேலிக்குக் கேட்க வேண்டாம்.

“என்ன வே, எதைப் பதுக்கி வச்சிருக்கீரு?”

“சளி வே, சளி!”

“ரெண்டு காதுலயுமா?”

டெல்பினும் பஞ்சு வைத்தாள். ஆஸ்பத்திரிப் பஞ்சு, வெள்ளை வெளேரென்று, கம்மலுக்கு மேலே ஒரு பூ மாதிரி தெரியும். லம்பெர்ட் குச்சியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கும்போதெல்லாம் அவள் அந்தப் பஞ்சை விரலால் ஒருமுறை அழுத்திக்கொள்வதை அவன் பார்ப்பான். அதில் அவனுக்கு நிம்மதியும் இருந்தது, பயமும் இருந்தது. பஞ்சு இருக்கிறவரை அவள் இருப்பாள்; ஆனால் பஞ்சு இருக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஊரில் இருந்த ஒவ்வொருவர் மனதிலும் மடித்து வைத்திருந்தது எது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. தன் வீட்டில் மடித்து வைத்திருப்பது மட்டும் தெரியவில்லை. ஒருநாள் தட்டு விழும். அவள் எழுந்து போய்விடுவாள். அவ்வளவுதான் என்று அவன் நினைத்துக்கொண்டான். கேட்கலாம்தான். கேட்டால் அவள் சொல்வாள். சொன்னால் அவனுக்குக் கேட்காது.

அதுதான் லம்பெர்ட் ஊரிடம் மறைத்த சங்கதி. வருடக்கணக்காகத் தலைக்குப் பக்கத்தில் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுகளை அலறவிட்டதில் முதலில் இடது காது போயிற்று, பிறகு வலது காது போயிற்று; பேச்சு இருந்த இடத்தில் உப்பளத்து மோட்டார் போல ஒரு ரீங்காரம் வந்து தங்கிவிட்டது. காது கேட்காத டிரம்மரை எந்த மேடை ஏற்றும்? பலகை வழியாகப் பாதத்துக்கு ஏறும் அதிர்வை வைத்தும், கஸ்பாரின் தோளைப் பார்த்தும் அவன் வாசித்தான். கஸ்பார் எப்போதும் கத்தித்தான் பேசுவான், அந்தக் கத்தல் மட்டும் லம்பெர்ட்டின் காதில் விழும் என்பதால் கஸ்பாருக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் லம்பெர்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சோறு போடவா என்றாலும் தலையாட்டினான், கரண்ட் போயிட்டு என்றாலும் தலையாட்டினான். அமைதியான மனுசன், எதிர்த்துப் பேசாத மனுசன் என்று டெல்பினின் ஆட்கள் அவனை மெச்சினார்கள்.

மறுபடி ஓர் ஈஸ்டர் திங்கள் வந்தது. ஊரே சேர்ந்து மேடை போட்டது. கொடிகள், சீரியல் விளக்குகள், பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் என்று மைதானம் நிறைந்திருந்தது. தொடங்க வேண்டியவர்கள் முன்னால், பஞ்சு வைத்தவர்கள் ஓரத்தில். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. லம்பெர்ட் ஸ்டூலில் உட்கார்ந்து தலைநிமிர்ந்தபோது, முன்வரிசைக்கும் முன்னால், மேடைப் படிக்கட்டை ஒட்டி, டெல்பின் நின்றாள். டியூட்டி சேலைகூட மாற்றவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இரண்டு பக்கத்து முடியையும் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பஞ்சு இல்லை.

வேண்டாம் என்று அவன் நினைத்தான். எழுந்து ஓடிவிட வேண்டும் என்று நினைத்தான். அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கைகள் மேலே போயின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கூட்டம் எழுந்தது, திரும்பியது, வழக்கம் போல நாலா பக்கமும் பிரிந்து நடந்தது. டெல்பினும் நடந்தாள். ஆனால் அவள் வெளியே நடக்கவில்லை. படியேறி மேடைக்கு வந்து, அவனுக்கு நேர் எதிரே, டிரம்களைச் சுற்றி நட்டு வைத்திருந்த மைக்குகளின் நடுவே நின்றாள். அவள் உதடுகள் அசையத் தொடங்கின.

பாடுகிறாள் என்று லம்பெர்ட் நினைத்தான்.

பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் முன்வரிசைப் பையன்கள் அப்படித்தானே உதடு அசைத்துக் கூடவே பாடினார்கள். அதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அவள் போகவில்லை, அவள் நின்றுவிட்டாள், அவள் இத்தனை வருடமும் தள்ளிப்போட்டது அவன் பாட்டைக் கேட்பதைத்தான் என்று தோன்றியதும், அவன் உடம்பில் எங்கிருந்தோ ஒரு பலம் வந்து சேர்ந்தது. கால்கள் இரண்டும் குதித்தன, பித்தளைத் தட்டுகள் பறந்தன, அவன் அவள் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினான், தாளத்துக்குத் தாளம் ஆட்டினான், ஆமாம் ஆமாம் என்று முடி முகத்தில் விழ ஆட்டினான். அவள் ஒரு கணம் நிறுத்தி அவனைப் பார்த்தாள். அவன் இன்னும் வேகமாகத் தலையாட்டினான். அவள் கண் நிறைந்தது, மறுபடி உதடு அசைந்தது. கஸ்பார் எப்போதோ பாட்டை நிறுத்தி, கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றதை லம்பெர்ட் கவனிக்கவில்லை. அன்று அவன் கஸ்பாரின் தோளைப் பார்க்கவே இல்லை. டிரம்முக்கு நட்ட மைக்குகள் அவள் சொன்னது ஒவ்வொன்றையும் பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கொண்டுபோய், துறைமுகச் சாலை முழுக்கக் கேட்கவைத்தன. தொடங்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் நடந்தபடியே கேட்டார்கள். ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்கள்.

பாட்டு முடிந்தது. டெல்பின் முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனாள். வாழ்நாளில் அதைவிட நல்ல கச்சேரி வாசித்ததில்லை என்று லம்பெர்ட் நினைத்தான்.

வீட்டுக்குப் போனபோது கட்டில்மேல் இரண்டு சூட்கேஸ்கள் திறந்து கிடந்தன. ஒன்றில் ஸ்வெட்டர் இருந்தது. தூத்துக்குடியில் ஸ்வெட்டர் போட்டவரை அவன் பார்த்ததே இல்லை. டெல்பின் அவனைப் பார்த்துச் சிரித்தாள்; கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. ஏதோ சொன்னாள், அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னாள். தலை தானாக ஆடிற்று. ஆடிய பிறகுதான், மேடையில் தான் எதற்கெல்லாமோ தலையாட்டியிருக்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

மறுநாள் தெருவில் பெரியவர்கள் எழுந்து நின்று அவனுக்குக் கும்பிடு போட்டார்கள். மீன் விற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் கையை முத்தமிட்டார்கள். அவன் ஓடிப்போய் கஸ்பாரின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“கஸ்பாரு, நேத்து மேடையில டெல்பின்…”

“பேசாதலே!” என்று கத்தினான் கஸ்பார். அவன் கண் சிவந்திருந்தது. “நானா இருந்தா சம்மதிச்சிருக்க மாட்டேன். வெட்டிப்போட்டாலும் சம்மதிச்சிருக்க மாட்டேன். நீ எப்படிலே மக்கா சிரிச்சுக்கிட்டே தலையாட்டுன?”

“இல்லலே, அவ என்ன கேட்டான்னு…”

“அதையும் என் வாயால வேற கேக்கணுமா உனக்கு? ஊரு முழுக்கக் கேட்டாச்சு. போலே, போயி அவ கூட இரி. இருக்கிற கொஞ்ச நாளாவது இரி.”

எங்கே போகிறாள், எத்தனை நாளைக்குப் போகிறாள், யாரிடம் போகிறாள், திரும்பி வருவாளா? ஊரில் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும், வேனில் வந்துபோன அசலூர்க்காரர்களுக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. சூட்கேஸ்களில் என்ன போகிறது, என்ன தங்குகிறது என்று பார்த்துப் பார்த்து அவன் கணக்குப் போட்டான். குடையை எடுத்துக்கொள்ளவில்லை, அப்படியானால் வருவாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள், அப்படியானால் வரமாட்டாள். மிளகாய்ப்பொடியைச் சின்ன டப்பாவில் எடுத்தாள், வருவாள். பிறகு அதையே பெரிய டப்பாவுக்கு மாற்றினாள்.

எனக்குக் காது கேட்காது, நீ சொன்னது ஒன்றுகூட விழவில்லை, பாடுகிறாய் என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டால் போதும். அவன் அவள் முன்னால் போய் நிற்பான். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் முழுக்க அவன் தலையாட்டலில் ஏற்றியது. ஒரு வார்த்தை சொன்னால் அணைந்துவிடும். பொறவு சொல்லலாம் என்று திரும்பிவிடுவான். ஒருநாள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கி நான்கு தட்டு தட்டினான். கீழே தெருவில் ஒருவர் எழுந்து மளமளவென்று சாக்கடையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். லம்பெர்ட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினான். எதிர்வீட்டுக் கிழவர் உயிலெழுத வக்கீலைத் தேடிப் போனார். ஊரையே தொடங்கவைத்த அந்தத் தட்டு, தட்டுகிறவனிடம் மட்டும் செல்லவில்லை.

புறப்படுகிற நாளும் வந்தது. இரண்டு சூட்கேஸ்களையும் அவனே தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தான். வழியெல்லாம் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெட்டிகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கி, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். டெல்பின் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள். நிறையப் பேசினாள். அவன் அவள் உதடுகளையே பார்த்தான். கழுத்தை விறைத்து, தாடையை இறுக்கி, இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஓர் அசைவும் அசையாமல் நின்றான். பிளாட்பாரத்தில் நின்றவர்கள், பாவம், துக்கம் தாங்காமல் தலையில் கை வைத்துக்கொண்டான் என்று சொல்லித் தங்களுக்குள் வருந்தினார்கள்.

அவள் பேசி நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. ரயில் நகர்ந்தது. லம்பெர்ட் தலையை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தான். கூடவே நடந்தான், கூடவே ஓடினான்.

“டெல்பின்! எனக்குக் காது கேக்கல! நீ சொன்ன எதுவும் எனக்குக் கேக்கல! என்ன சொன்ன? திரும்பச் சொல்லு!”

தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவனுக்கே தெரியாது. பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆனால் இஞ்சின் கூவிக்கொண்டிருந்தது, சக்கரங்கள் தடதடத்தன, பக்கத்துப் பெட்டியில் யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். டெல்பின் காதைக் கம்பியருகே கொண்டுவந்தாள், புருவத்தைச் சுருக்கினாள், பிறகு அவன் என்ன சொல்லியிருப்பான் என்று தானே முடிவு செய்துகொண்டவளாய், கண்ணீரோடு சிரித்து, சரி சரி என்று தலையாட்டினாள். பிளாட்பாரம் முடிந்து அவன் நின்றுவிட்ட பிறகும், உப்பு மேடுகள் அவளை மறைக்கிறவரை தலையாட்டிக்கொண்டே போனாள்.